வருகிறவர் மாறிவிட்டார், நம் சிட்டையும் மாறட்டும்



ஓட்டல், லாட்ஜ் பற்றிய கட்டுரைக்குப் பலசரக்கு வியாபாரிகள் படிக்கும் இதழில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. வள்ளியூரிலோ கன்னியாகுமரியிலோ ஒரு விடுதியில் தங்குபவர் காலையில் என்ன கேட்கிறாரோ, அதுதான் மறுநாள் அந்த விடுதிச் சமையல்காரரின் சிட்டையில் ஏறி நம் கடைக்கு வருகிறது. அவர் கேட்டது நம்மிடம் இல்லையென்றால் சிட்டை வேறு ஊருக்குப் போய்விடும். ஒரு பொருளுக்காகப் போன சிட்டை, அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போகும். கூடங்குளம் பகுதியில் நெடுங்காலமாக மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் நான் கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

சத்திரமும் ஒரே பந்தியும்

நம் நாட்டில் பயணிக்கு இடம் கொடுக்கும் வழக்கம் புதிதல்ல. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரைச் சொன்னாலே சாலையும் சத்திரமும்தான் நம் பக்கத்து மக்களுக்கு நினைவு வரும். சத்திரத்தில் எல்லாருக்கும் ஒரே திண்ணை, ஒரே பந்தி. போட்டதைச் சாப்பிட்டு, கிடைத்த இடத்தில் படுத்து, விடியற்காலையில் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

மேலைநாட்டிலும் ஏறத்தாழ இப்படித்தான். இங்கிலாந்தில் 1841-ஆம் ஆண்டு தாமஸ் குக் என்பவர் சுமார் 500 பேரை ஒரே ரயிலில் லெஸ்டரிலிருந்து லாஃப்பரோவுக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். இன்றைய சுற்றுலாத் தொழிலுக்குத் தொடக்கம் என்று பலரும் காட்டுவது அந்தப் பயணத்தைத்தான். எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே வண்டி, ஒரே ஏற்பாடு.

கன்னியாகுமரியில் 1970-இல் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறக்கப்பட்ட பிறகு நம் பக்கம் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள், கல்யாணக் கோஷ்டி, கார்த்திகை மாதம் ஐயப்ப பக்தர்கள். ஒரு பஸ்ஸுக்கு ஐம்பது பேர் என்றால் ஐம்பது பேருக்கும் ஒரே சாப்பாடு. விடுதிக்காரருக்கும் சுலபம், நமக்கும் சுலபம். அரிசி இத்தனை மூட்டை, துவரம்பருப்பு இத்தனை கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம்.

இப்போது வருகிறவர் யார்?

பஸ் கூட்டம் நின்றுவிடவில்லை. ஆனால் அதன் கூடவே வேறு வகையான ஆட்களும் வருகிறார்கள். நாற்கரச் சாலை வந்த பிறகு குடும்பம் குடும்பமாகச் சொந்தக் காரில் வருகிறார்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 2023 செப்டம்பரிலும், நாகர்கோவிலுக்கு 2024 ஆகஸ்டிலும் வந்தே பாரத் ரயில் விடப்பட்டது. விவேகானந்தர் பாறையையும், 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டது. பாலத்தைப் பார்க்க வருபவர் அப்படியே உவரி, திருச்செந்தூர், மணப்பாடு என்று கடற்கரையோரமாக வண்டியை விடுகிறார்.

நம் ஊரை எடுத்துக்கொள்வோம். 1988-இல் இந்தியாவும் சோவியத் நாடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் வந்தது அணுமின் நிலையம். 2002-இல் கட்டுமானம் தொடங்கி, முதல் அலகு 2013-இலும் இரண்டாவது 2016-இலும் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தன. 3, 4-ஆம் அலகுகளின் வேலை 2017-இலும், 5, 6-ஆம் அலகுகளின் வேலை 2021-இலும் தொடங்கின. இதனால் ரஷ்ய நிபுணர்களும், குஜராத், பீகார், வங்காளம் என்று பல மாநிலத்து என்ஜினீயர்களும் தொழிலாளர்களும் இந்தப் பக்கம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்கியதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தில் இடம் உள்ளவர் போக, வேலையாக வந்து இரண்டு வாரம், மூன்று வாரம் லாட்ஜில் தங்குபவரும் உண்டு.

நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துக்கு அது புகலிடம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ராம்சர் ஈரநிலங்கள் பட்டியலில் அது சேர்க்கப்பட்டதாக 2022-இல் அறிவிப்பு வந்தது. அங்கே கேமராவும் தொலைநோக்கியுமாக வருபவர்கள் பெரிய கூட்டம் அல்ல. இரண்டு பேர், மூன்று பேர்தான். ஆனால் இரண்டு நாள் தங்குவார்கள், மறுவருஷமும் வருவார்கள்.

தாமிரபரணிக் கரையில் பாபநாசம் முதல் சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயம், ஆழ்வார்திருநகரியைச் சுற்றி நவதிருப்பதி. மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயத்துக்கும், புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும் திருநெல்வேலியிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகமே சிறப்புப் பஸ் விடுவது வழக்கம். வருபவர்களில் வயதானவர்கள் அதிகம்.

இத்தனை பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க முடியுமா? முடியாது.

அவர் கேட்பது என்ன?

வடக்கிலிருந்து வருபவர் எல்லாரையும் சப்பாத்திக்காரர் என்று ஒரே கணக்கில் எழுதுவது நம்மவர் வழக்கம். அதில்தான் பிழை நேர்கிறது. ஜைனர் வெங்காயம், பூண்டு மட்டுமின்றி, உருளைக்கிழங்கு, கேரட் போன்று மண்ணுக்கடியில் விளைவதையும் தவிர்ப்பவர். நவராத்திரி விரதம் இருப்பவருக்கோ உருளைக்கிழங்குதான் முக்கிய உணவு. அரிசி, கோதுமை தொட மாட்டார்; சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு, ஜவ்வரிசி, நிலக்கடலை, பிறகு 'குட்டு' மாவு கேட்பார். இந்த நவராத்திரி அவர்களுக்குப் புரட்டாசி–ஐப்பசியில் ஒன்று, பங்குனி–சித்திரையில் ஒன்று என வருஷத்துக்கு இரண்டு தடவை.

'குட்டு' என்றதும் பலருக்கும் விளங்காது. பார்வைக்கு முக்கோணமாக இருக்கும் ஒரு விதை. இமயமலை ஓரம் விளைவது. வியாபாரி கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. இதே தானியம்தான் ரஷ்யர்களின் அன்றாடச் சாப்பாட்டில் 'கிரேச்கா' என்ற பெயரில் வருகிறது. அவர் முழு தானியத்தை வறுத்து, சோறு போல வேகவைத்துச் சாப்பிடுவார்; வடக்கத்தியார் மாவாக்கிப் பூரி சுடுவார். ஒரே சரக்கு, இரண்டு வாடிக்கை. ரஷ்யர் சூப்பிலும் உருளைக்கிழங்கிலும் கிள்ளிப் போடும் கீரை சதகுப்பை. அதன் விதை நம் நாட்டு மருந்துக் கடையில் காலங்காலமாக இருப்பதுதான். பால் இல்லாத தேநீர், பீட்ரூட், முட்டைக்கோஸ், தயிர், குறைந்த காரம் – இவ்வளவுதான் அவர் கேட்பது. நம்மிடம் இல்லாத பொருள் அதில் மிகக் குறைவு.

பறவை பார்க்க வருபவர் விடியுமுன் கிளம்புகிறவர். எட்டு மணிக்குச் சூடாகப் போடும் இட்லியால் அவருக்குப் பயனில்லை. ஐந்து மணிக்கு ஒரு பிளாஸ்க் காபி, இரண்டு வாழைப்பழம், அவித்த முட்டை, ரொட்டி கட்டிக் கொடுத்தால் போதும். நவகைலாயம் போகும் முதியவருக்குத் தரைத்தளத்தில் அறை, உட்கார்ந்து எழும் வசதியுள்ள கழிப்பறை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, காலையில் வெந்நீர், சர்க்கரை போடாத காபி. சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டிக் காபி கொடுத்தால் கெடுதல் இல்லை என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. அது தவறு, கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் என்று ஒரு வகை விருந்தினர் இப்போது தெரிய வருகிறார். சப்பாத்தியைத் தவிர்த்துச் சாம்பார் சாதம் கொடுத்தால் போதும் என்று சமையல்காரர் நினைப்பார். ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். இது சமையல்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். டப்பாவின் முதுகைப் படித்து விற்கும் வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நம் தொழில் அறிவுக்கு மதிப்பு.

இன்னொருவரையும் மறக்கக் கூடாது: கார் ஓட்டி வருபவர். ஓட்டல்களிலும் லாட்ஜுகளிலும் விருந்தினரின் ஓட்டுநர்கள் தங்கிப் படுக்க இடம் தர வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தியது. சட்டத்துக்காக மட்டும் அல்ல, வியாபாரத்துக்காகவும் அது நல்லது. இரவு நன்றாகத் தூங்கிய ஓட்டுநர்தான் மறுநாள் குடும்பத்தைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பார்; அடுத்த தடவை வேறு குடும்பத்தையும் அதே வாசலில் கொண்டு வந்து இறக்குவார்.

அண்ணாச்சி கடைப் பாடம்

விருந்தினர் ஒவ்வொருவரின் தனி விருப்பத்தை அறிந்து நடப்பது என்பதைப் பெரிய ஓட்டல்கள் ஒரு சாஸ்திரமாகவே வைத்திருக்கின்றன. ரிட்ஸ்-கார்ல்டன் என்ற அமெரிக்க ஓட்டல் நிறுவனத்தில், விருந்தினர் எந்தத் தலையணை கேட்டார், என்ன குடித்தார் என்பதை ஊழியர்கள் குறித்து வைப்பார்கள். அந்தக் குறிப்பு அந்த நிறுவனத்தின் மற்ற ஓட்டல்களுக்கும் போகும். அடுத்த தடவை வேறு ஊரில் தங்கினாலும் கேட்காமலே அது கிடைக்கும்.

இதைக் கேட்டு நாம் மலைக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய், சென்னையிலும் பம்பாயிலும் கடை போட்ட அண்ணாச்சிமார்கள் இதைத்தான் செய்தார்கள். மூன்றாவது வீட்டு அம்மாவுக்குப் புழுங்கலரிசி, மாடி வீட்டுக்குப் பச்சரிசி, வாத்தியார் வீட்டுக்கு மாதம் பிறந்ததும் காபித்தூள், அந்த வீட்டுப் பையனுக்குக் கையில் ஒரு கடலைமிட்டாய். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அண்ணாச்சியின் மனசிலும், பற்று வரவு நோட்டின் ஓரத்திலும் இருந்தது. பெரிய கடைகள் வந்த பிறகும் அண்ணாச்சி கடை நிற்கிறதென்றால் அதற்கு விலை மட்டுமா காரணம்?

பத்து அறை உள்ள சிறு விடுதிக்காரர் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்க வேண்டும். அறை பதிவு செய்ய விருந்தினர் போன் செய்யும்போதே மூன்று கேள்வி: எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், சாப்பாட்டில் எதைத் தவிர்ப்பீர்கள்? கூட வயதானவரோ கைக்குழந்தையோ உண்டா என்று நாலாவதாக ஒன்று. பதிலை எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டினால் வேலை முடிந்தது.

பத்து அறைக்காரர் எல்லாரையும் திருப்தி செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒருவர் கேட்டார் என்பதற்காக ஒரு மூட்டை ஓட்ஸ் வாங்கி வண்டு விழ விடுவது வியாபாரம் ஆகாது. முதலில் கழிப்பறை சுத்தம், வெந்நீர், வெள்ளைத் துண்டு. இவை மூன்றும் இல்லாமல் 'குட்டு' பூரி சுட்டுப் பயனில்லை. அதன்பிறகு தன் வாசலுக்கு எந்த வகை விருந்தினர் அதிகம் வருகிறார் என்று நோட்டைப் பார்த்து, அந்த ஒன்றிரண்டு வகையை மட்டும் நன்றாகக் கவனித்தால் போதும்.

நோட்டில் ஏறக் கூடாதவை

விருந்தினரை அறிவது வேறு, துருவுவது வேறு. அவர் என்ன சாதி, யாருடன் வந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் நோட்டில் ஏறக் கூடாது. காரம் குறைவு என்று எழுதலாம். வயிற்றில் புண் என்று எழுத வேண்டியதில்லை. அடையாளத்துக்காக வாங்கும் ஆதார் நகல் மேஜையில் கிடந்து, பழைய பேப்பர் கடைக்குப் போய், கடைசியில் வேர்க்கடலைப் பொட்டலமாகத் திரும்பி வருவதைப் பொட்டலம் கட்டும் நமக்குச் சொல்ல வேண்டுமா? தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-இல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. தேவை முடிந்த நகலைக் கிழித்துப் போடுவதே மரியாதை.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைன் மூலம் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விடுதி மட்டுமல்ல, வீட்டில் அறை கொடுப்பவருக்கும் இது பொருந்தும். நம் பகுதியில் இதில் கவனக்குறைவு கூடவே கூடாது.

நாம் செய்ய வேண்டியது

இனி நம் பங்கு. "அது இங்கே கிடைக்காது" என்ற சொல்லை முதலில் நாம் கைவிட வேண்டும். நம் பக்கத்து விடுதி ஒன்று இந்துப்பும் ஜவ்வரிசியும் கேட்டு, கடையில் அந்தப் பதில் கிடைத்ததால் வெளியூர் வண்டிக்குச் சிட்டை கொடுத்தது. ஆறு மாதத்தில் அதன் முழுச் சரக்கும் அந்த வண்டியிலேயே வந்திறங்கியது. போன கணக்கு திரும்பி வரவில்லை. "இரண்டு நாளில் வரவழைத்துத் தருகிறேன்" என்ற ஒரு வார்த்தை அந்தக் கணக்கைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது, அளவு. விடுதிக்காரர் பயப்படுவது விலைக்கு அல்ல, மிச்சத்துக்கு. அரைக் கிலோ, கால் கிலோ கட்டாகக் கட்டித் தேதி எழுதிக் கொடுத்தால் துணிந்து வாங்குவார். நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு சிப்பம் 'குட்டு' மாவை வரவழைத்துப் பிரித்துக்கொள்ளலாம். இருப்பு தேங்காது.

மூன்றாவது, பருவம். விடுதிக்காரருக்கு முன்பே நாம் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல், ஐப்பசியில் திருச்செந்தூர் கந்த சஷ்டி, கார்த்திகை முதல் மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்கள், மார்கழியில் நவகைலாயம், வைகாசி விசாகத்தில் உவரி. பதினைந்து நாளுக்கு முன்னதாகவே விடுதிக்குப் போய், "இந்தத் தடவை என்ன வேண்டும், அண்ணாச்சி?" என்று கேட்டு வருகிற கடைக்குத்தான் சிட்டை.

நாலாவது, நம் ஊர்ச் சரக்கு. வெளியூர்க்காரர் தன் வீட்டுச் சாப்பாட்டைக் கேட்பது போலவே, இந்த ஊரில் மட்டும் கிடைப்பதையும் கேட்கிறார். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. கலப்படமில்லாத கருப்பட்டி, சுக்கு காபிப் பொடி, பனங்கற்கண்டு, தைமாதம் பனங்கிழங்கு, பத்தமடைப் பாய். இவற்றைச் சிறு கட்டாக்கி, விடுதி வரவேற்பு மேஜையில் வைக்கச் சொல்லிக் கொடுக்கலாம். விற்றதற்குப் பணம், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாட்டுக்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சீனிப்பாகு கலந்த கருப்பட்டியைத் தள்ளிவிட்டால் ஒருவரல்ல, அவர் போனில் எழுதுவதைப் படிக்கும் அத்தனை பேரும் கைவிட்டுப் போவார்கள்.

வரியும் பாக்கியும்

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்த 5 சதவீதத்துக்கு, விடுதிக்காரர் தாம் வாங்கும் சரக்கில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே நம் பில்லில் உள்ள வரி அவருக்கு முழுச் செலவு. அதே நாளில் சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5 சதவீதத்துக்கும், நெய், வெண்ணெய், பாதாம் போன்றவை 12-லிருந்து 5 சதவீதத்துக்கும் இறங்கின. இந்தக் குறைவு நம் விலையில் தெரிகிறதா என்று அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். உணவுப் பொருள் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். அதைக் கேட்டு வாங்கும் விடுதிகளும் உண்டு.

கடன் விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். விடுதித் தொழில் பருவத் தொழில். சீசனில் கல்லா நிறையும், மற்ற மாதம் காயும். சீசன் முடிந்ததும் பழைய பாக்கியைத் தீர்த்து, புதுக் கணக்கு எழுதுவது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். பாக்கியை வளரவிட்டால் சரக்கும் போகும், வாடிக்கையும் போகும்.

வள்ளுவர் தமது குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். வந்தவரின் முகம் பார்த்து நடப்பது நம் மண்ணின் குணம். விடுதிக்காரர் விருந்தினரின் முகம் பார்க்கட்டும். நாம் விடுதிக்காரரின் சிட்டையைப் பார்ப்போம். வடக்கிலிருந்தும் கடல் கடந்தும் இங்கே வருகிறவர் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு கூடங்குளத்திலும் ராதாபுரத்திலும் வள்ளியூரிலும் உள்ள கடைகளின் கல்லாவில் விழ வேண்டுமா, பெரிய ஊர்க் கிட்டங்கிக்குப் போக வேண்டுமா என்பது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த சீசனுக்கு முன் ஒவ்வொரு உறுப்பினரும் தம் பக்கத்தில் உள்ள ஒரு விடுதிக்காவது நேரில் போய் விசாரித்து வர வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.